வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் காப்பி 11 எம்பிக்கு மேல ஏறமாட்டேங்குது

குடந்தை வீடியோ (கும்பகோணம்)

வணக்கம். வீட்டுலயே கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். ரேழிப் பக்கத்து ரூம்ல ஒரு சிஸ்டம், கேமரா கார்டெல்லாம் அதுலதான் இறக்குவோம். எடிட்டிங் சிஸ்டம் மாடியில. ரெண்டும் கேபிள்லதான் ரவுட்டர்ல சொருகியிருக்கு, வைஃபை இல்லை. கீழ உள்ள ஃபோல்டரை ஷேர் போட்டு மாடியிலேர்ந்து இழுத்தா விநாடிக்கு 11 எம்பி, மிஞ்சிப்போனா 11.3. அதைத் தாண்டவே மாட்டேங்குது. நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம் எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 120 ஜிபி வந்துடுது. காப்பி ஆக மூணு மணி நேரம். வைகாசி முழுக்க தேதி நிக்குது, ஒண்ணு ஏறி முடியறதுக்குள்ள அடுத்த கார்டு வந்துடுது.

இன்டர்நெட் 100 எம்பி பிளான். அதை 300 ஆக்கினா எல்லாம் சரியாயிடும்னு லைன் பார்க்க வந்த பையன் சொல்றான். நிஜமா?

வெட்டாறு (தஞ்சாவூர்)

முதல்ல ஆன்டிவைரஸை நிறுத்திட்டுப் பாருங்க. அது ஒவ்வொரு ஃபைலையும் தொறந்து மோந்து பார்க்கும். அப்புறம் நெட்வொர்க் கார்டு செட்டிங்ல ஜம்போ ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும் (டேட்டாவைப் பெரிய பெரிய பொட்டலமா அனுப்பறது), அதை 9000ல வைங்க. பிளானையும் ஏத்திக்கலாம், தப்பில்ல.

பாமணி (மன்னார்குடி)

ஹார்டு டிஸ்க்கை கையில தூக்கிட்டு மாடிப்படி ஏறுனா ரெண்டு நிமிஷம் அண்ணே. இதுக்கு எதுக்கு நெட்வொர்க்கு.

குடமுருட்டி (திருவையாறு)

தம்பி, எதையும் மாத்தாதீங்க, எதையும் வாங்காதீங்க. நீங்க சொன்ன 11.3ங்கிற எண்லயே பாதி பதில் இருக்கு.

பிளான் வேகம் 100னு சொல்றது மெகாபிட் கணக்கு. விண்டோஸ் காப்பி பெட்டியில காட்டறது மெகாபைட் கணக்கு. 8 பிட் ஒரு பைட். 100ஐ எட்டால வகுத்தா 12.5. போற வர்ற சடங்குச் செலவு போக கையில நிக்கறது 11லேர்ந்து 11.8 வரைக்கும். ஆக, உங்க ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடம் 100 மெகாபிட்ல ஓடுது. அது ஆன்டிவைரஸா இருந்தா எண் இப்படி ஆணி அடிச்சமாதிரி நிக்காது, ஏறி இறங்கும். டிஸ்க் பழசா இருந்தாலும் அப்படித்தான். ஒரே எண்ல சமமா நிக்குதுன்னா லிங்க்தான், அதாவது கேபிளும் போர்ட்டும் சேர்ந்த இணைப்பு.

பிளான் பத்தி. கீழ ரூம்லேர்ந்து மாடிக்குப் போற ஃபைல் இன்டர்நெட் பக்கமே எட்டிப் பார்க்காது. ரவுட்டருக்கு வரும், அங்கேயே திரும்பி மாடிக்கு ஏறும். லைனைப் பிடுங்கிப் போட்டாலும் இதே வேகம்தான் வரும். மேட்டூர்ல எத்தனை ஆயிரம் கன அடி தொறந்தா என்ன, உங்க வயல் வாய்க்கால் மதகு ரெண்டு அடிதான்னா அவ்வளவுதான் தண்ணி. 300க்கு மாத்தி அந்தப் பையனுக்கு டார்கெட் முடிச்சுக் கொடுக்காதீங்க.

ஜம்போ ஃப்ரேம் வேண்டவே வேண்டாம். வழியில இருக்கிற எல்லாக் கருவியும் அதே அளவுல ஒத்துப்போகணும். ஒண்ணு ஒத்துக்கலைன்னா காப்பி பாதியில தொங்கும். வீட்டுக்கு அதால வர்ற லாபம் சொற்பம்.

இப்ப ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு சிஸ்டத்துலயும் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட். அங்க லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும். 100/100 இருக்கா, 1000/1000 இருக்கான்னு எழுதுங்க. பழைய விண்டோஸா இருந்தா கன்ட்ரோல் பேனல்ல அடாப்டர் ஸ்டேட்டஸ்ல ஸ்பீடுன்னு இருக்கும்.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

> வயல் வாய்க்கால் மதகு ரெண்டு அடிதான்னா

அய்யா, கடைமடைக்காரன்கிட்ட இதைச் சொல்றீங்களே. ஜூன் 12 தொறந்தாலும் எங்களுக்கு எப்ப வருதுன்னு எங்களுக்குத்தான் தெரியும். பேசாம 11 எம்பியே வாங்கிக்கறோம்.

குடந்தை வீடியோ

பார்த்தேன் சார். ரெண்டுலயும் 100/100. ஆனா ரெண்டுமே கிகாபிட் (1000 மெகாபிட்) போர்டுன்னு சொல்லித்தான் கடையில அசெம்பிள் பண்ணிக் கொடுத்தாங்க. எங்ககிட்ட இருக்கிற ரவுட்டர் ஃபைபர் கனெக்‌ஷனோட சும்மா கொடுத்த டப்பா. பின்னாடி நாலு ஓட்டை.

குடமுருட்டி

சும்மா கொடுத்த டப்பாவா, சரி. இந்த மாதிரி டப்பா பலதுல ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மத்ததெல்லாம் 100தான். சிலதுல நாலுமே 100. போர்ட் மேல ஜிஈன்னு இருந்தா கிகாபிட், எஃப்ஈன்னு இருந்தா 100. சில டப்பாவுல எதுவுமே எழுதியிருக்காது, அப்ப கீழ ஒட்டியிருக்கிற லேபிள்ல உள்ள மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க.

ஆனா டப்பா மேல மட்டும் பழி போட்டுட்டு நிக்காதீங்க. கேபிளையும் பார்க்கணும். 100 மெகாபிட்டுக்கு உள்ள இருக்கிற எட்டு கம்பியில நாலே நாலு போதும், ஜாக்ல 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். மிச்ச நாலுல ஒரு கம்பி அறுந்திருந்தாலும் கார்டு தானே 100க்கு இறங்கி உட்கார்ந்துக்கும். லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. அதனாலதான் இது வருஷக்கணக்கா ஒளிஞ்சு கிடக்கும்.

சோதிக்கிற விதம்: சிபியுவை ஒரு தடவை கீழ இறக்கிட்டு வாங்க. கடையில கம்பெனியே கிரிம்ப் பண்ணின (முனையில ஜாக் வச்சு அழுத்தின) ஒரு மீட்டர் கேபிள் வாங்கி, ரவுட்டரே இல்லாம ரெண்டு சிஸ்டத்தையும் நேருக்கு நேர் சொருகுங்க. இந்தக் காலத்து கார்டுக்கு, கம்பியை மாத்திப் போட்ட கிராஸ் கேபிள் தேவையில்ல. ரெண்டுக்கும் 169.254ன்னு தொடங்குற ஐபி (நெட்வொர்க் முகவரி) தானா வந்துடும், கம்ப்யூட்டர் பேரைப் போட்டா ஷேர் தெரியும். வைஃபை கார்டு இருந்தா அந்த நேரத்துக்கு அணைச்சு வைங்க. அப்புறம் மாடிக்குப் போற பழைய கேபிளை மாத்திச் சொருகி அதே சோதனை.

வெட்டாறு

ஆன்டிவைரஸ் காரணம் இல்லைன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? எங்க ஆபீஸ்ல அதை நிறுத்தினதும்தான் வேகம் வந்துச்சு.

குடமுருட்டி

உங்க ஆபீஸ்ல அது காரணமா இருந்திருக்கும். இவருக்கு லிங்கே 100னு தெரிஞ்சாச்சு. லிங்க் 100ல இருக்கும்போது ஆன்டிவைரஸை நிறுத்தினா என்ன, நிறுத்தாட்டி என்ன, 11.8க்கு மேல ஏற வழியில்ல.

குடந்தை வீடியோ

சார், நேரடியா ஒரு மீட்டர் கேபிள்ல சொருகினதும் ரெண்டுலயும் 1000/1000 வந்துடுச்சு. மாடிக்குப் போற பழைய கேபிளை அதே இடத்துல சொருகினா 100. ஜாக் கண்ணாடி மாதிரி இருக்கே, உத்துப் பார்த்தேன். உள்ள நாலு கம்பிதான் தெரியுது. ஆரஞ்சு ரெண்டு, பச்சை ரெண்டு. நீலம், பிரவுன் ரெண்டு ஜோடியையும் வெளியிலயே நறுக்கி விட்டிருக்காங்க. ரவுட்டர் பின்னாடி மாடல் பார்த்தேன், அதுல ஒரு போர்ட் மட்டும் கிகாபிட். அப்ப ரெண்டு பக்கமும் அடைப்பா?

குடமுருட்டி

ரெண்டு அடைப்பு, ஆமாம். ஒண்ணை மட்டும் எடுத்திருந்தா வேகம் ஒரு இம்மி மாறியிருக்காது. ‘கேபிள் மாத்தினேன், ஒண்ணும் ஆகல’ன்னு திரும்ப இங்க வந்து எழுதியிருப்பீங்க.

நாலு கம்பி கிரிம்ப் நம்ம ஊர்ல சகஜம். அந்தக் காலத்துல பிராட்பேண்ட் இழுத்தவங்க 10 எம்பி, 20 எம்பி பிளானுக்கு இழுத்தாங்க. எட்டு கம்பியையும் நிறம் பார்த்து வரிசையா அடுக்கி நறுக்கிச் சொருக பொறுமை வேணும், நாலுன்னா சட்டுனு வேலை முடிஞ்சுது. சில இடத்துல மிச்ச நாலு கம்பியை கேமராவுக்குக் கரண்ட் கொடுக்க எடுத்துக்கிட்டதும் உண்டு. அன்னைக்கு அது போதுமானதுதான்.

இனி செய்ய வேண்டியது. கேபிள் நல்லா இருந்தா ரெண்டு முனையிலயும் புது ஜாக் போட்டு எட்டு கம்பியும் கிரிம்ப் பண்ணச் சொல்லுங்க. வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையும் ஒரே வரிசை. பச்சை ஜோடி நடுவுல பிரிஞ்சு நீலத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்கும், நிறைய பேர் சறுக்கறது அங்கதான்.

ரவுட்டரை மாத்த வேண்டாம். அஞ்சு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் (கேபிளையெல்லாம் ஒண்ணு சேர்க்கிற சின்னப் பெட்டி) ஒண்ணு வாங்குங்க, ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள முடிஞ்சுடும். ரெண்டு சிஸ்டத்தையும் ஸ்விட்ச்ல சொருகி, ஸ்விட்ச்லேர்ந்து ஒரே ஒரு கேபிள் ரவுட்டருக்கு. ஃபைல் ஸ்விட்சோட திரும்பிடும், ரவுட்டருக்குப் போகவே போகாது. ரவுட்டர் போர்ட் 100ஆவே இருந்துட்டுப் போகட்டும்.

கடுவையாறு

கேபிள் புதுசா இழுக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை. கடையில கேட் 6னு பெரிசா அச்சடிச்சு, மலிவா தர்றதுல பாதி அலுமினியக் கம்பி, மேல மட்டும் செம்புப் பூச்சு. சிசிஏன்னு பொடி எழுத்துல இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. பிளேடால கம்பியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். எங்க ஊர் உப்புக்காத்துக்கு அது ஜாக் உள்ளயே பொடிஞ்சு போயிடும். நான் முழுச் செம்பு தவிர எதையும் தொடறதில்ல.

வெட்டாறு

வீட்டுக்குள்ள பத்து மீட்டருக்கு அலுமினியம் கேபிள்ல கிகாபிட் ஓடத்தான் செய்யுது. என் வீட்டுல ஓடுது. விலையில பாதிக்குப் பாதி வித்தியாசம். சும்மா பயமுறுத்தக் கூடாது.

குடமுருட்டி

ஓடும். இல்லைன்னு சொல்லல. ஆனா கேட் 5ஈ, கேட் 6 தர அளவு ரெண்டுமே முழுச் செம்புக்குத்தான். அலுமினியத்துல அந்தப் பேரைப் போடறதே தப்பு. மடிச்சா சீக்கிரம் ஒடியும், மின்தடை அதிகம், கேபிள் வழியாவே கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தா சூடாகும். சுவத்துக்குள்ள பைப் போட்டுப் பூசப்போறீங்கன்னா செம்பு வாங்குங்க. தரையில சும்மா கிடக்கிற துண்டுன்னா உங்க இஷ்டம். கேட் 5ஈயே 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் தாங்கும். நம்ம வீடு எவ்வளவு நீளம்னாலும் திண்ணையிலேர்ந்து கொல்லை வரைக்கும் அவ்வளவு வராது.

கடுவையாறு

இன்னும் ரெண்டு விஷயம், நம்ம பக்கத்துக்குன்னே.

எலி. அறுவடை முடிஞ்சா வயல் எலி வீட்டுக்குள்ள வரும். கேபிளைக் கடிச்சா முழுசா அறுக்காது, ரெண்டு கம்பியை மட்டும் நறுக்கிட்டுப் போயிடும். அப்பவும் குடமுருட்டி அய்யா சொன்ன அதே கதைதான், 1000லேர்ந்து 100க்கு இறங்கிடும். ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு’ன்னு யாராவது எழுதினா நான் முதல்ல பரண்லதான் பார்க்கச் சொல்வேன். பிவிசி பைப் போட்டு இழுங்க.

இடி. ஐப்பசி கார்த்திகையில வெளிச்சுவத்து வழியா, மொட்டை மாடி வழியா போற செம்புக் கேபிள் இருக்கே, பக்கத்துல இடி விழுந்தா அதுல மின்னழுத்தம் ஏறி ரெண்டு முனையிலயும் போர்ட்டைக் கொன்னுடும். சிஸ்டம் பொழைச்சுக்கும், லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும். தனித்தனி வீட்டுக்கு நடுவுல இழுக்கிறதா இருந்தா ஃபைபர் துண்டும், அதை லேன் கேபிளோட சேர்க்கிற ரெண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்க. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

பாமணி

கேலி பண்ணினதுக்கு எனக்கே வந்துடுச்சு அண்ணே. ரெண்டு லேப்டாப், ரெண்டும் வைஃபை. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு 2.5 எம்பிதான் வருது. ஸ்பீடு டெஸ்ட் போட்டா ரெண்டுலயும் 40 எம்பி வருது. பழைய வீடு, நடுவுல ஒன்றரை அடி சுண்ணாம்புச் சுவர்.

குடமுருட்டி

உங்க 40 மெகாபிட், எட்டால வகுத்தா 5 மெகாபைட். ரெண்டு லேப்டாப்பும் வைஃபைன்னா ஒரே ஃபைல் காத்துல ரெண்டு தடவை போகுது: முதல் லேப்டாப்லேர்ந்து ரவுட்டருக்கு, ரவுட்டர்லேர்ந்து ரெண்டாவதுக்கு. ஒரே சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். அஞ்சு பாதியாகி ரெண்டரை. கணக்கு அப்படியே பொருந்துது.

லிங்க் ஸ்பீடு 72னு காட்டுதா பாருங்க. காட்டினா 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒத்தை ஆன்டெனா. அதுல கைக்கு வர்றது பாதி, அதிர்ஷ்டம் இருந்தா இன்னும் கொஞ்சம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினா நல்ல கார்டுல 866 வரைக்கும் காட்டும், ஆனா அந்த அலைக்கு உங்க சுண்ணாம்புச் சுவர் ஆகவே ஆகாது. கூடத்துல ரவுட்டர் இருந்தா கூடத்தோட சரி.

செலவில்லாத வழி: ஒரு லேப்டாப்பையாவது கேபிள்ல ரவுட்டரோட சேருங்க. காத்துல ஒரு தடவைதான் போகும், உடனே இரட்டிப்பு. பெரிய காப்பி இருக்கிற அன்னைக்கு மட்டும் சொருகினாலும் போதும்.

பாமணி

72தான் காட்டுது. கேபிள் சொருகிப் பார்த்தேன், அஞ்சுக்குப் பக்கத்துல வருது. அம்மா நடக்கிற வழியில கேபிள் கிடக்குன்னு திட்டு விழுது, அது தனிக் கதை.

ஓடம்போக்கி (திருவாரூர்)

எனக்கு வேற மாதிரி. கணக்கு எழுதறேன் வீட்டுலேர்ந்து. எல்லா இடத்துலயும் 1000 காட்டுது, கேபிள் புதுசு. ஒரே பெரிய ஃபைல் அனுப்பினா 105 எம்பி வருது. ஆனா ஸ்கேன் பண்ணின பில் ஃபோல்டரை அனுப்பினா 1 எம்பி, சில நேரம் 400 கேபி. மொத்தமே 3 ஜிபிதான், ஆனா பல்லாயிரம் ஃபைல்.

குடமுருட்டி

அக்கா, பெரிய ஃபைல் 105ல போகுதுன்னா உங்க நெட்வொர்க்குக்கு நோயே இல்ல. சின்ன ஃபைல்தான் பிரச்னை. ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தப் பக்கத்து சிஸ்டத்துகிட்ட தனித்தனியா கேட்கணும்: பேர் இருக்கா, அனுமதி இருக்கா, தொற, எழுது, தேதி போடு, மூடு. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்தாத்தான் அடுத்தது. ஃபைல் 60 கேபிதான், ஆனா சடங்கு 60 ஜிபி ஃபைலுக்கு உள்ள அதே சடங்கு. எழுதற இடம் சுத்தற ஹார்டு டிஸ்க்கா இருந்தா அதோட ஊசி வேற அங்கயும் இங்கயும் ஓடணும். வெட்டாறு சொன்ன ஆன்டிவைரஸ் இங்கதான் உண்மையிலேயே உறைக்கும். முழுசா நிறுத்த வேண்டாம், இந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுத்துப் பாருங்க, அதுவும் காப்பி முடியற வரைக்கும்.

நேர் வழி, ஜிப் பண்ணி ஒரே ஃபைலா அனுப்பி அந்தப் பக்கம் விரிக்கிறது. சுருக்கமே தேவையில்ல, ஸ்டோர்னு ஒரு தேர்வு இருக்கும், அது போதும். இன்னொண்ணு, விண்டோஸ் கூடவே வர்ற ரோபோகாப்பிங்கிற காப்பி கட்டளை. அதோட எம்டின்னு (/MT) ஒரு குறி சேர்த்தா ஒரே நேரத்துல எட்டு ஃபைலை அனுப்பும், எண் கொடுத்தா 128 வரைக்கும் ஏத்தலாம். சுத்தற டிஸ்க்குக்கு 8, 16 போதும், அதிகமாக்கினா டிஸ்க் திணறும். அதே ஃபோல்டரை அடுத்த தடவை அனுப்பினா மாறாத ஃபைலை விட்டுட்டுப் புதுசை மட்டும் எடுத்துக்கும். உங்க வேலைக்கு அதுதான் பெரிய மிச்சம்.

வெட்டாறு

எஸ்எம்பி (விண்டோஸ் ஷேரிங் பேசற மொழி) ஒண்ணாம் பதிப்பை ஆன் பண்ணினா பழைய சிஸ்டத்தோட ஷேரிங் வேகமாகும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். அதையும் பண்ணிப் பார்க்கலாமே அக்கா?

கடுவையாறு

தயவுசெஞ்சு வேண்டாம். 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவினது அந்தப் பழைய எஸ்எம்பி ஒண்ணுல இருந்த ஓட்டை வழியாத்தான். அதே வருஷக் கடைசியிலேர்ந்து புதுசா போடற விண்டோஸ் 10ல அதை வைக்கிறதையே நிறுத்திட்டாங்க. வேகமும் கூடாது, குறையும்: எஸ்எம்பி ரெண்டுலேர்ந்துதான் பல கேள்வியை ஒண்ணா அனுப்பற வசதி வந்துச்சு. விண்டோஸ் 7க்கே அது தேவையில்ல. எக்ஸ்பிக்குத்தான் வேணும். எக்ஸ்பி வச்சிருக்கிறவங்க அதை நெட்வொர்க்லேர்ந்து பிரிச்சு வைங்க.

குடந்தை வீடியோ

ஸ்விட்ச் வந்துடுச்சு, கிரிம்ப் பண்ண ஆள் வந்து எட்டு கம்பியும் போட்டாச்சு. ரெண்டுலயும் 1000/1000. காப்பி போட்டேன், 112 எம்பி காட்டுது! கையெடுத்துக் கும்பிட்டுட்டு காபி குடிக்கப் போயிட்டு வந்தா 36ல நிக்குது சார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ஆரம்பத்துல பாயுது, கொஞ்ச நேரத்துல 36, 37ல படுத்துக்குது.

குடமுருட்டி

இப்ப எண் வேற, இடமும் வேற. லிங்க் சரியாயிடுச்சு. ஆரம்பத்துல 112 வர்றது மாடி சிஸ்டத்தோட ரேம்ல போய் விழறது. ரேம்ல ஒதுக்கின இடம் நிறைஞ்சதும் டிஸ்க் எவ்வளவு வேகமா எழுதுதோ அவ்வளவுதான். எங்க சேமிக்கிறீங்க? யூஎஸ்பி டிஸ்க்கா? 35, 40னு நின்னா யூஎஸ்பி 2 போர்ட்டோட எல்லை அது. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் அந்த டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குதான்னும் பாருங்க.

குடந்தை வீடியோ

யூஎஸ்பி டிஸ்க்தான். கேபினெட் முன்னாடி இருக்கிற கறுப்பு ஓட்டையில இருந்துச்சு. பின்னாடி நீல நிற போர்ட்ல மாத்தினேன். 112ல ஆரம்பிச்சு 95, 100ல ஓடுது. 120 ஜிபி இருபது நிமிஷத்துல முடிஞ்சுது.

குடமுருட்டி

டிஸ்க் நிறைய நிறைய உள்வட்டத்துக்குப் போகும், அப்ப 60, 70க்கு இறங்கும். பயப்படாதீங்க. எடிட் பண்றதை அந்த டிஸ்க்ல வைக்காதீங்க, எஸ்எஸ்டிக்கு மாத்திக்குங்க. யூஎஸ்பி டிஸ்க் முடிஞ்ச வேலைக்கு.

ஓடம்போக்கி

ரோபோகாப்பி நல்லா வேலை செய்யுது, முதல் தடவை கொஞ்சம் நேரம் ஆச்சு, இப்ப புது பில் மட்டும் போகுது. இன்னொரு சந்தேகம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட அப்டேட் நின்னுபோச்சுன்னு ஒரு சிஸ்டத்தை விண்டோஸ் 11 ப்ரோவுக்கு மாத்தினேன். அதுலேர்ந்து மட்டும் பாஸ்வேர்ட் இல்லாத பழைய ஷேர் தொறக்க மாட்டேங்குது.

கடுவையாறு

24எச்2ன்னு ஒரு பதிப்பு இருக்கு, அதுல ப்ரோவுக்கு எஸ்எம்பி கையொப்பம் (செய்தியை நடுவுல யாரும் மாத்தலைன்னு காட்டற முத்திரை) கட்டாயம். பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேர் அதுக்கு ஒத்துவராது. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க, செய்யாதீங்க அக்கா. ஷேர் வச்சிருக்கிற சிஸ்டத்துல ஒரு யூசர் உண்டாக்கி பாஸ்வேர்ட் போடுங்க, ஃபோல்டருக்கு அந்த யூசரை மட்டும் அனுமதியுங்க. இந்தப் பக்கம் கேட்கும்போது அதே பேர், அதே பாஸ்வேர்ட், கீழ நினைவு வச்சுக்கோன்னு ஒரு டிக். அடுத்தவங்க பில்லெல்லாம் பாஸ்வேர்ட் இல்லாம கிடக்கிறதை விட இது மேல்.

பாமணி

குடந்தை அண்ணே, அந்த கிரிம்ப் ஆள் மன்னார்குடி வருவாரா? அம்மா பைப் போட்டு இழுக்க ஒத்துக்கிட்டாங்க. சுவத்துல துளை மட்டும் போடக் கூடாதாம், ஜன்னல் வழியாத்தான் வரணுமாம்.

குடந்தை வீடியோ

வருவாரு, தனிச்செய்தியில நம்பர் அனுப்பறேன். கேபிளை நீங்களே சுரண்டிப் பார்த்து வாங்கி வச்சிடுங்க, அவர் கொண்டுவர்றது அலுமினியம்.